வண்டூர்ச் சாடி பற்றி ஒரு திருத்தம்

மரியான் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ரங்கத் பேருந்து நிலையத்தில் இருந்தேன். அவர் மகள் ஜெசிந்தா அழைத்தாள். காவலோடு வண்டிகள் ஒன்றாகப் போகும் அன்றைய கடைசி கான்வாய் போய்விட்டது. அதன் பிறகு காட்டுச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். மறுநாள் போர்ட் பிளேர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவரிடம் கேட்காமல் விட்ட ஒன்றை, அவரை அறிந்த உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

படகுப் பட்டறையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர் விக்டோரியா காலத்துப் பூச்சாடிகளைச் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுப்போன மெருகிட்ட சாடிகள் தீவின் வீடுகளில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் புழங்கின. பெரார்கஞ்சில் ஒரு வங்காளி விவசாயி அப்படியொன்றில் மிளகாய் விதை வைத்திருந்தார். நான் அதன் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் விதையைத் தாளில் கொட்டிவிட்டுச் சாடியைக் கவிழ்த்தார்.

“மூஞ்சியப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. சாடி அடியிலதான் பேசும்.”

அடியில், வடிவம் பதிவான ஆண்டைச் சொல்லும் சாய்சதுர முத்திரை இருந்தது. சாடியின் வயதையும் மதிப்பையும் விவசாயிக்கு இந்தியில் விளக்கிவிட்டுத்தான் விலை கேட்டார். மதிப்புத் தெரிந்ததும் விவசாயி கொடுக்க மறுத்துவிட்டார். அண்ணன் விதையை மறுபடி உள்ளே போட்டார். “அவ்வளவுதான், அவங்க பொருள்” என்றார். அந்த மனிதரைத்தான் நான் அறிந்திருந்தேன்.

வண்டூர்ச் சாடி கரும்பச்சை நிறம். கைப்பிடி மீன் வடிவம். வண்டூரில் பிலோமினா என்ற பெண்மணி தன் மகளின் கல்லறையில் அதில்தான் பூ வைப்பார். கல்லறைத் திருநாள்தோறும் அண்ணன் அங்கே போய் நிற்பார்.

“என்ன அண்ணாச்சி, எம்புள்ளைக்கு ஜெபம் சொல்ல வந்தியளா, சாடிக்கா?” என்று பிலோமினா ஒருமுறை கேட்டார். அண்ணனும் சிரித்தார்.

ஒரு மழைக்காலத்தில் சாடியின் வயிற்றில் விரிசல் விழுந்தது. அடுத்த திருநாளுக்குள் ஒட்டித் தருவதாகச் சொல்லி அண்ணன் அதை வாங்கி வந்தார். மூன்று திருநாள்கள் போயின. அவரைப் பற்றிக் கட்டுரை எழுத நான் வீட்டுக்குப் போயிருந்த அன்று பிலோமினாவின் அழைப்பு வந்தது.

“பசை இன்னும் காயலம்மா. இந்த ஊரு ஈரம் தெரியும்லா.”

“அது என்ன பசை அண்ணாச்சி? எம்பேத்தி பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டா!” பிலோமினாவின் குரல் கைபேசியைத் தாண்டி எனக்கே கேட்டது.

கைபேசியை வைத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாடி மேல்தட்டில் முழுசாக, பளபளவென்று நின்றது. நான் கேட்கவில்லை. கட்டுரையில் அதன் படத்தின் கீழே ‘வண்டூரில் கிடைத்தது’ என்று எழுதினேன். அவர் மானத்தைக் காப்பதாக நினைப்பு. பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். “நல்லா எழுதிருக்கீங்க” என்றார்.

அடக்கத்துக்கு மறுவாரம் ஜெசிந்தா சொன்னாள்: “மெயின்லேண்ட்லருந்து ஒருத்தர் எல்லாத்தையும் மொத்தமா கேக்குறாரு அங்கிள். உங்க கட்டுரைய வச்சே லிஸ்ட் போட்டுட்டேன்.”

வண்டூர்ச் சாடியும் பட்டியலில் இருந்தது. அது யாருடையது என்று சொன்னேன்.

“அப்பா எடுத்துக்கிட்டாரா?”

“திருப்பிக் கொடுக்கலை” என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

அவள் சாடியை இறக்கினாள். அது இருந்த இடத்தில் மட்டும், பலகையில் வளையத்தின்மேல் வளையமாக நீர்க்கறை.

சாடியை நானே வண்டூருக்குக் கொண்டுபோனேன். பிலோமினா அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். சற்று நேரத்தில் ஒட்டிய கோட்டில் முத்து முத்தாக நீர் அரும்பி, மீனின் வாலடியில் வழிந்தது.

“காயலன்னது நெசந்தானா? ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. உள்ள ஒரு டப்பா வச்சுக்கிடுவேன். மூணு வருசமா எம்புள்ளைக்கு பிளாஸ்டிக் பாட்டில்ல பூ வச்சேன்.”

தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சோதித்துத் தோற்றாரா? கொடுக்க மனம் வராமல் அந்த ஒழுகலையே சாக்காக்கிக்கொண்டாரா? இரண்டும் இருந்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேள்வி கேட்பது என் தொழில்.

நினைவாக ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஜெசிந்தா. வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பெரார்கஞ்சில் சாடியைக் கவிழ்த்த அந்தக் கையசைவை. என் வாக்கியத்தையும் அப்படிக் கவிழ்த்துப் பார்க்கிறேன். ‘வண்டூரில் கிடைத்தது’ என்று நான் எழுதியது தவறு. அந்தச் சாடி பிலோமினாவுடையது. ஒட்டித் தருவதாகச் சொல்லி மரியான் அண்ணன் வாங்கி வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.