இடது கையால் சாப்பிட்ட குடும்பம்

பயிற்சிக்கு எடுத்த மூவரில் ஹனாதிதான் மூத்தவள். மற்ற இரண்டு பெண்களும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். இவளுக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் ஷஹத் என்று ஒரு மகள், மூட்டை தூக்கியே முதுகு போன ஹைஸம் என்ற கணவன். ஷஹதின் தாய் என்பதால் எல்லாரும் இவளை ‘உம்மு ஷஹத்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடிருந்த மார்க்காவிலிருந்து இரண்டு பஸ் மாறி, அம்மான் நகரின் மேற்குக் குன்றில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வருவாள். அகதிப் பிள்ளைகளுக்கு அரபியில் பாடப் புத்தகம் தயாரிக்கிற இடம் அது. ஆறு மாதம் முடிந்ததும் மூவரில் ஒருவரை வேலையில் வைத்துக்கொள்வோம் என்று இயக்குநர் லமீஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த ஒருவர் தான்தான் என்று ஹனாதி வெளியே சொல்லவில்லையே தவிர, அதே நினைப்பில்தான் பஸ் ஏறினாள்.

சொந்த ஊரான நவாவில், பள்ளிக்கூடச் சுவர்களில் இருதயமும் நுரையீரலும் வரைந்து கொடுத்தவள் அவள். போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த பிறகு எட்டு வருஷம் ஒரு இனிப்புக் கடையில் கேக் மேல் கிரீமால் பூப் போட்டாள், அடுத்தவர் பிள்ளைகளின் பெயரை எழுதினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர்களை வெட்டித் தின்றுவிடுவார்கள். பிறகு கணினி வகுப்பு, அங்கிருந்து இந்தப் பயிற்சி.

ஒன்றாம் வகுப்புக்கான வாசிப்புப் புத்தகம் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் காலை முதல் இரவு வரை நடப்பதுதான் பாடம். நாற்பத்திரண்டு படங்கள். மூன்று மாதம் பென்சிலால் வரைந்து, பிறகு கணினியில் வண்ணம் ஏற்றினாள். அந்த வீட்டின் தாய்க்குத் தன் தாயின் முகத்தையே வைத்தாள். முகவாயில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள், வலது கன்னத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மச்சம். நவாவில் அவள் தாய் இறந்தபோது ஹனாதியால் போக முடியவில்லை. அடக்கம் செய்ததைத் தம்பியின் போனில்தான் பார்த்தாள். மூவாயிரம் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்து எழுத்துக் கற்பார்கள் என்பது அவளுக்கு ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

படத்தையும் எழுத்தையும் கணினியில் பக்கங்களாகக் கட்டுகிற பொறுப்பு ராகிபுடையது. பயிற்சிக்காரர்களுக்கு மேற்பார்வையும் அவன்தான். ஹனாதியைவிட நான்கைந்து வயது சின்னவன். நல்ல சட்டை போடுவான், நன்றாகப் பேசுவான். படங்களைத் தன்னிடம் வாங்கிக்கொண்ட அன்று அருமை, அருமை என்று மூன்று தடவை சொன்னான். இரண்டு வாரம் கழித்து முதல் பக்கத்தின் மாதிரி திரையில் வந்தபோது, ‘படங்கள்: ராகிப் தஹ்லாவி’ என்றிருந்தது.

ஹனாதி அவன் மேசைக்குப் போய், ஏதோ தவறாக விழுந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். தவறே இல்லை என்றான் அவன். பயிற்சிக்கு வந்தவர்கள் பெயரைப் போடுகிற வழக்கம் கிடையாது, கடைசியில் சான்றிதழ் கிடைக்கும், அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றான். அவன் அத்தோடு விட்டிருந்தால்கூட அவள் அழுதுவிட்டு ஆறியிருப்பாள். அவள் விடாமல், புரூஃபில் ஒரு இடத்தில் ரொட்டியின் நிறம் கறுத்து அடித்திருக்கிறது என்று காட்டினாள். அவன் நாற்காலியைத் திருப்பி, மற்ற இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

“உம்மு ஷஹத், நீங்க பக்க எண் மட்டும் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அது வரும்ல? எனக்குக் கண்ணு வேணும்னா நானே கேக்குறேன். மவுஸைப் பிடிக்கவே இங்கதான் கத்துக்கிட்டீங்க, அதுக்கு நன்றி சொல்லிட்டு உக்காருங்க.”

ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்காமல் போனை எடுத்துக்கொண்டாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் வறுத்துக்கொண்டே ஹைஸமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரில் முதுகைச் சாய்த்தபடி கேட்டான். அல்லாஹ் பார்த்துக்கொள்வான், விட்டுவிடு என்றான். அல்லாஹ்வுக்கு நம் ஊர்க் கணக்கே இன்னும் முடியவில்லை, இந்தச் சின்ன வேலையை நானே பார்க்கிறேன் என்றாள் அவள். என்ன செய்வதென்று அப்போது அவளுக்குத் தெரியாது. வெங்காயம்தான் தீய்ந்தது.

வழியை ராகிபே போட்டுக் கொடுத்தான். புத்தகத்தின் பக்க அமைப்பு வெளிநாட்டிலிருந்து வந்தது, இடப்பக்கமிருந்து திறக்கிற வகை. அதிலேயே எல்லாப் பக்கங்களையும் கட்டி முடித்திருந்தான். நன்கொடை கொடுத்தவர்கள் புத்தகத்தை வெளியிட வியாழக்கிழமை அகதிகள் முகாமுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், அரபிப் புத்தகம் வலப்பக்கமிருந்துதானே திறக்க வேண்டும், இது பின்பக்கமாகத் திறக்கிறதே என்று லமீஸ் கேட்டார். மறுபடி கட்ட நேரமில்லை. ராகிப் ஒரே கட்டளையில் மொத்தப் பக்கங்களையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டான். எழுத்துகளும் எண்களும் புரண்டுபோயின. அவற்றை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தான்.

புரூஃப் ஹனாதியின் மேசைக்கு வந்தது. முதலில் அவள் கண்ணில் பட்டது மச்சம். தாயின் இடது கன்னத்தில் இருந்தது. வேறு யாரோ தன் தாயின் முகமூடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்த குடும்பம் முழுவதும் இடது கையால் சாப்பிட்டது. பையன் இடது கையை நீட்டி விருந்தாளிக்கு ஸலாம் சொன்னான். வலது கை மேலே இருக்க வேண்டிய தொழுகையில் தாத்தா இடது கையை மேலே வைத்துக் கட்டியிருந்தார்.

பேனா அவள் கையிலேயே இருந்தது. ஒரு வட்டம் போட்டிருந்தால் போதும். ராகிபின் மேசை எட்டடி தூரத்தில் இருந்தது. அவன் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தெட்டு வரை எண்ணினாள். எல்லா எண்களும் சரியாக இருந்தன. அடியில் ‘பக்க எண்கள் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் திறந்துகூடப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பினான்.

ஹைஸமிடம் இதையும் சொன்னாள். “பிள்ளைங்க புஸ்தகம் அது, ஹனாதி” என்றான் அவன். தெரியும் என்றாள். தெரிந்துதான் செய்தாள்.

வியாழக்கிழமை முகாமின் தகர வகுப்பறையில் விழா. நன்கொடைக்காரர்கள் முன் வரிசையில், தாய்மார்கள் சுவரோரம், பிள்ளைகள் தரையில். ராகிப் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்று, அகதிக் குழந்தைகளின் வீட்டைத் தன் தூரிகையால் மீட்டுக் கொடுத்திருப்பதாகப் பேசினான். தூரிகை என்ற சொல் வந்தபோது ஹனாதி கடைசி வரிசையில் கைதட்டினாள். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

புத்தகங்கள் கைக்குக் கை போயின. முதலில் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். ஷைத்தான் வீடு, ஷைத்தான் வீடு என்று ஒருவன் ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். முகாமில் யாருக்கும் பயப்படாதவள் என்று பெயரெடுத்த உம்மு சுஃப்யான் எழுந்து நின்றாள்.

“உஸ்தாத், எங்க வீட்டுல எல்லாம் போச்சு. வலது கை மட்டும் இன்னும் இருக்கு. இடது கையால திங்கிறவன் ஷைத்தான் ஒருத்தன்தான். அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போயா வரைஞ்சுட்டு வந்தீங்க?”

நன்கொடைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ராகிப் புத்தகத்தைப் பிரித்தான். அவன் முகம் வெளுப்பதை ஹனாதி நிதானமாகப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறியிருப்பாள்.

“இது நான் வரைஞ்சது இல்லம்மா” என்றான் அவன். “பயிற்சிக்கு வந்த ஒரு பொம்பளை வரைஞ்சது. அதோ, பின்னாடி நிக்கிறாங்க.”

உம்மு சுஃப்யான் திரும்பி ஹனாதியைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். முகாமில் நடந்த முதியோர் வகுப்பில் போன வருஷம்தான் படிக்கக் கற்றவள். எழுத்தின்மேல் விரலை வைத்து, கூட்டிக் கூட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். “ப... டங்... கள். ரா... கிப். தஹ்... லாவி.” வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “இதுல ஒரே ஒரு ஆம்பளை பேருதான் இருக்கு, உஸ்தாத். நீங்கதானே?”

கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் தாயின் படத்தைக் காட்டி, இவள்தான் ஷைத்தானின் பெண்டாட்டி என்று தோழியிடம் சொன்னதை ஹனாதி கேட்டாள். அது நெஞ்சில் கல்லாக விழுந்தது. அந்தக் கல்லை எடுத்துப் போட அவளுக்கு யாருமில்லை.

சனிக்கிழமை லமீஸ் அவளைத் தனியாக அழைத்தார். பென்சிலில் வரைந்த மூலப்படங்கள் எங்கே என்றார். ஹனாதி பையிலிருந்து நாற்பத்திரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாரும் வலது கையால் சாப்பிட்டார்கள். லமீஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, புரூஃபின் கடைசித் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதுல உங்க கையெழுத்து இருக்கு. நீங்க பாத்தீங்களா, உம்மு ஷஹத்?”

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அந்தப் பதிலை ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால், நடந்ததெல்லாம் ராகிபின் சொந்தத் துரதிர்ஷ்டம் ஆகிவிடும். அவள் செய்தது என்று எங்குமே இருக்காது. இன்னொரு தடவை தன் வேலைக்குத் தன் பெயர் இல்லாமல் போக அவள் தயாராக இல்லை.

“பாத்தேன், மேடம். மொதப் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தேன். எண் மட்டும் பாருன்னாரு. எண்ணெல்லாம் சரியா இருந்துச்சு.”

லமீஸ் கண்ணாடியைக் கழற்றினார். அந்த இடத்துக்கு உங்களைத்தான் நினைத்து வைத்திருந்தேன், இனிமேல் எந்தத் தாளையும் உங்களை நம்பிக் கொடுக்க என்னால் முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஹனாதி தலையாட்டினாள். அந்த வேலை போய்விட்டது, அதோடு வேறென்னவெல்லாம் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பிறகு மூலப்படங்களின்மேல் கையை வைத்துக்கொண்டு, மறுபதிப்பில் தன் படங்களைப் போடுவதென்றால் இரண்டு விஷயம் என்றாள். முதல் பக்கத்தில் தன் முழுப்பெயர், தந்தை பெயரோடு. அடுத்தது, பக்கங்களை ராகிபே மறுபடி கட்ட வேண்டும், புரூஃபைத் தானே பார்ப்பாள், பக்க எண்ணை மட்டுமல்ல. லமீஸ் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பயிற்சி முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் ராகிப் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, ஹனாதி அவன் நாற்காலிக்குப் பின்னால் கையில் தேநீரோடு நின்றாள். மற்ற இரண்டு பெண்களும் போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு படத்தையும் திருப்பினான், நகர்த்தினான், நிறம் சரிபார்த்தான். தாய் ரொட்டி சுடுகிற பக்கம் வந்தது. இரண்டாம் தடவையிலேயே அது சரியாகிவிட்டது. மச்சம் வலது கன்னத்துக்கு வந்துவிட்டது. முகவாயின் மூன்று புள்ளிகளும் அச்சு அசலாக விழுந்திருந்தன.

“இப்ப சரியா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டான் ராகிப்.

“இல்லை. மறுபடி.”

அவன் மறுபடி செய்தான். ஐந்தாம் தடவை அவன் கழுத்து வியர்த்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான், அடுத்த பக்கம் போகலாம் என்றாள்.