விற்கப் போன மோட்டார் சைக்கிள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தானியேல் மேஸ்திரி ஒரு தோலைக் கட்டை விரலால் தடவினால் போதும், அந்த ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர், கூரைக்கு ஓடு போடச் சேர்த்த பணத்தைப் போட்டு, கப்பலேறிய ஒரு துரையின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். 1927-ல் ஆம்பூரில் எவனுக்கு வரும் இந்தத் துணிச்சல்?

வாங்கத் துணிந்தவருக்கு வீட்டில் சொல்லத் துணிவில்லை. வண்டியைத் தன் தோஸ்த் கவுஸ் பாஷாவின் பட்டறையில் மறைத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் "தோ வர்றேன்" என்று நழுவி, மாதனூர் வரை பறந்துவிட்டு வருவார். பூரித்துக் கிடக்கும் நெஞ்சு, வீட்டு வாசலை மிதித்ததும் சுருங்கிப்போகும். மனைவி சவுரியம்மாளுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? வண்டிச் சத்தம்தான் ஊருக்கே கேட்குமே. ஆனால் அவள் மழையில் ஒழுகுகிற இடமெல்லாம் சட்டி வைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சட்டிகள் மேஸ்திரியின் மனசைக் குடைந்து எடுத்தன.

வண்டி வாங்கிய பின் வந்த இரண்டாவது ஐப்பசி மழையில் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டார். "வண்டிய வித்துடறேன். வேலூர் லாங் பஜார் ஹபீப் கேட்டுக்கினு இருக்காரு."

"வித்துடு. நானும் கூட வர்றேன்" என்றாள்.

பின்னால் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். மாதனூர் மேட்டில் இன்ஜின் கத்தியதே தவிர, வண்டி நகரவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் தோல் பெல்ட் வழுக்கியது. வழுக்காமல் என்ன செய்யும்? வறண்ட தோலைக் கண்டால் தோல் ஷாப்புக்காரன் கை சும்மா இருக்காதே. வாங்குகிறவர் கண்ணுக்குப் பளபளக்கட்டும் என்று முந்தின நாள் மீன் எண்ணெயை ஊற ஊறத் தேய்த்திருந்தார், மகானுபாவர்.

சவுரியம்மாள் இறங்கி, பெல்ட்டை முந்தானையால் துடைத்து, கை வழுக்காமலிருக்க விரால் மீனுக்குச் சாம்பல் பூசுவது போல ரோட்டுப் புழுதியை அள்ளிப் பூசினாள்.

"இப்போ எடு."

வண்டி சீறிக் கிளம்பியது. புளிய மரங்கள் எதிரே ஓடிவந்து ஓடி மறைந்தன. பாலாறு கூடவே வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த மலை மெல்லத் திரும்பித் தன் முதுகைக் காட்டியது. எத்தனை தடவை ஓட்டினாலும் தானியேலுக்கு உடம்பு சிலிர்க்கும். இன்று தோளைப் பற்றியிருந்த சவுரியம்மாளின் கை இறுகியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தார்.

பள்ளிகொண்டாவில் நிறுத்தச் சொன்னாள். அவள் கண்ணெல்லாம் நீர்.

"ஏன்யா, இம்மாம் பெரிய அதிசயத்த ரெண்டு வருசமா நீ மட்டுமேவா வெச்சிக்கினு இருந்த?"

காசைக் கேட்டிருந்தால் சொல்வதற்கு எத்தனையோ பதில் வைத்திருந்தார். அவள் கேட்டதோ சவாரியை. வெட்கத்தில் காது சுட்டது.

"சரி, ஏறு. ஓடு போட்டே ஆவணும், வித்துத்தான் தீரணும். சாயங்காலம் குடுத்தாப் போதும், அது வரிக்கும் சுத்தலாம்" என்றாள்.

லாங் பஜாரில் ஹபீப் காத்திருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கமே திரும்பாமல், கோட்டையைச் சுற்றிக்கொண்டு ஆற்காட்டு ரோட்டில் வண்டியை விட்டார்.