எழும்பினால் நின்றுவிடும்

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு கோடைகாலத்தின் பெரும் பகுதியை நான் புல்வெட்டும் டிராக்டர் ஒன்றின் ஆசனத்தில் சிறையிருந்து கழித்தேன். சிறை என்றால் சிரிப்பார்கள். கதவில்லை, கம்பியில்லை, லைப்சிக்குக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் அகன்ற புல்வெளி. ஆனால் எழும்ப முடியாது.

விசயம் இதுதான். அந்தச் சின்ன டிராக்டரில் பற்றரிக்குச் சார்ஜ் ஏறுவதில்லை. இரவு சார்ஜரில் போட்டுவைத்தால் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் ஆகும். பிறகு ஓடுகிற இயந்திரமே பற்றரியை நிரப்ப வேண்டும், அது நிரப்பவில்லை. கத்தியை இயந்திரத்தோடு பிணைத்துவைக்கும் மின்காந்தமோ இருக்கிறதையும் தின்றுகொண்டிருந்தது. இடையில் நிறுத்தினால், சாவித்துவாரத்தில் திறப்பைத் திருப்பும்போது "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஆசனத்தின் அடியில் ஒரு சுவிட்ச். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கத்தி அவரை வெட்டிவிடக் கூடாதென்று, ஆசனத்தில் பாரம் குறைந்தவுடன் அது இயந்திரத்தை நிறுத்திவிடும். பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்க இருந்த வழியும் எப்போதோ பழுதாகிவிட்டது. ஆகவே காலையில் ஏறினால், பின்னேரம் முதலாளி தன் வான் வண்டியோடு வரும்வரை நான் அதில்தான். சாப்பாடும் அதில்தான். மற்ற அலுவலுக்கு வழியில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு கல்லைத் தூக்கி ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். கல்லைக் கண்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார் முதலாளி.

அவர் கெட்டவரல்ல, பெரிய சுத்தக்காரர். குளிர்காலத்தில் டிராக்டரை ஆணி ஆணியாகக் கழற்றி, பச்சைப் பெயின்ற் அடித்து, புதிதுபோல் பூட்டி வைத்தவர். அப்படிப்பட்ட மிசினில் பழுது வருமா? நான் ஓட்டுகிற விதத்தில்தான் பிழை என்பது அவர் கட்சி. புல்வெளி நடுவில் நிற்கவிட்டால் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தார். எனக்கு அது தகுதிகாண் காலம். நிரந்தர வேலை இருந்தால் விசா தரலாம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தபடியால், நானும் என் மனைவியுமாக எங்கள் இரண்டு பேரின் வாழ்க்கையும் அந்த ஆசனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில், நான் ஏறுமுன், சார்ஜ் ஏறாததைப் பற்றிப் பேசும்போது அவர் தொலைபேசியில் எதையோ பார்க்கச் சொன்னார். "மாஸ" பார் என்றது என் காதில் விழுந்தது. ஜெர்மன் மொழியில் மாஸ என்றால் அளவுகள். டேப்பை எடுத்து பற்றரியின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அளந்து திருத்தமாகச் சொன்னேன். நான் புதுப் பற்றரி கேட்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அடுத்தநாள் அதே அளவில் ஒன்று வாங்கி வந்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. சார்ஜ்தான் ஏறவில்லை.

என் மனைவி ஜெர்மனிக்கு வந்து அப்போது ஒரு வருசம். அகதி விடுதியில் எங்களுக்கு ஓர் அறை. வந்து ஒரு கிழமைக்குள்ளேயே அவளுக்குச் சொல்லிவைத்தேன்: "விசா வருமட்டும் வெளியில போகாதையும். ஆரோடும் கதை வளர்க்காதையும். சும்மா இரும். நீர் ஏதும் செய்யப்போனா எல்லாம் நிண்டிடும்." அவளும் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், புல்வெளியின் வேலியோரம் அவள் நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவளைக் கடக்கும்போது ஏதோ சொன்னாள், இரைச்சலில் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனேன். அடுத்த சுற்றில் "எனக்கு" என்பது கேட்டது. அதற்கடுத்த சுற்றில் "ஏலாது". அறைத் திறப்பைத் தொலைத்துவிட்டு உள்ளே போக முடியாமல் வந்திருக்கிறாளாக்கும் என்று, "திறப்போ?" என்று கத்தினேன். நாலாவது சுற்றில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒருக்கா இறங்குங்கோவன்."

"இறங்க ஏலாது" என்று சொல்லிக்கொண்டே அவளைக் கடந்து போனேன். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

கத்தியை நிறுத்தி, டிராக்டரை வேலிக் கதவடிக்குக் கொண்டுபோய், விசயத்தைச் சொன்னேன். இறங்கினால் மிசின் நிற்கும், மிசின் நின்றால் வேலை போகும், வேலை போனால் விசா இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"நீர் ஒருக்கா இதில இரும். நான் ஓடிப்போட்டு வாறன். பிறகு ஆறுதலாக் கதைப்பம். எழும்பிப்போடாதையும் என்ன, எழும்பினா எல்லாம் நிண்டிடும்."

நான் பாதி நகர, அவள் மீதியில் ஏற, சுவிட்சுக்குத் தெரியாமல் ஆள் மாறினோம். மரங்களின் பின்னால் போய், தண்ணீர்க் குழாயில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அசையாமல் இருந்தாள். மூச்சு விடவும் பயந்தவள்போல் இருந்தாள்.

"எப்பிடி, டிரைவர் அம்மா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதைத்தானே ஒரு வருசமாச் செய்யிறன்" என்றாள்.

முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு நான் சொல்லிவைத்த சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எழும்பும்" என்றேன்.

"நிண்டிடுமே."

"நிக்கட்டும்."

எழும்பினாள். இயந்திரம் ஒருமுறை குலுங்கி நின்றது. பாதி வெட்டிய புல்லில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவள் பேசினாள், பின்னேரம் வரை பேசினாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதலாளி வந்தார். பாதிப் புல்லைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், டிராக்டரின் மூடியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டபடி, அன்றைக்குத் தொலைபேசியில் சொன்ன அந்தச் சொல்லை மறுபடி சொன்னார். நான் டேப்பை எடுத்து நீட்டினேன். அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், "மஸ்ஸ" என்று சொல்லி டிராக்டரின் இரும்புச் சட்டத்தைத் தட்டினார். மஸ்ஸ என்றால் எர்த், மின்சாரம் சுற்றித் திரும்புகிற இரும்புத் தொடர்பு. சார்ஜைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பெட்டி வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். கழற்றினார். அடியில் தடிப்பாகப் பச்சைப் பெயின்ற், அவரே அடித்தது. கத்தியால் சுரண்டிப் பூட்டி, வான் வண்டியின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, மீற்றரைப் பிடித்தார். முள் பதினாலு வோல்ட்டுக்கு ஏறியது, பற்றரிக்குச் சார்ஜ் போய்க்கொண்டிருந்தது. அவருடைய காது சிவந்திருந்தது.

"திங்கட்கிழமை ஏழு மணி" என்று மட்டும் சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"எர்த் பிடிக்கயில்லையாம்."

"மிசினுக்கு மட்டுமே?" என்றாள்.

திங்கட்கிழமை நான் அந்தப் புல்வெளியில் தேவையே இல்லாமல் பலதரம் இறங்கி ஏறினேன். பின்னேரம் விடுதிக்குப் போனால் அறை பூட்டியிருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரே திறப்பு. அவள் எப்போதும் உள்ளே இருந்ததால் இரண்டாவது தேவைப்பட்டதில்லை. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. படியில் இருந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடக் கூடச் சந்தோசமாக இருந்தது.

இருட்டுகிற நேரத்தில், கன்னமெல்லாம் சிவக்க நடந்து வந்தாள்.

"வந்து கனநேரமே?" என்று கேட்டாள்.

"இல்லை, இப்பத்தான்" என்றேன்.