ஸ்பானில் யார் வைத்த கல்?

இன்று மத்தியானம் கவுண்டருக்கு ஒரு பெண் வந்து என்னிடம் கேட்டாள்: "சேட்டா, என்ட கல்லு எங்க?"

நெட் கஃபேயில் பிரிண்ட் கேட்பார்கள், ரயில் டிக்கெட் கேட்பார்கள், பரீட்சை ரிசல்ட் கேட்பார்கள். கல் கேட்டது இதுதான் முதல் தடவை!

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். (மலையாள ஊரில் இருப்பதால் தமிழில் டைப் செய்வது எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் கஃபேயிலிருந்து ஒரு கேம் சர்வர் ஓட்டுகிறேன் என்று ஏற்கெனவே இங்கே பீற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், கோட்டை என்று எல்லோரும் சேர்ந்து கட்டுகிற கேம். துப்பாக்கி கிடையாது. (ஆனால் சண்டைக்குக் குறைவில்லை!)

உள்ளே வருகிற எல்லோரும் முதலில் வந்து விழுவது ஒரே இடத்தில்தான். அதற்கு ஸ்பான் என்று பெயர். பஸ் ஸ்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த பஸ் ஸ்டாண்டின் நட்டநடுவில் ஆழமாகக் குழி தோண்டி வைத்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் நேராகக் குழிக்குள்! மேலே ஏறத் தெரியாமல், எல்லோரையும் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

குழிக்குப் பக்கத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாகக் கற்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

சுவரும் இல்லை, படியும் இல்லை. திடீரென்று கடைசியில் ஒரு கல் கூடும். ஞாயிறு கழிந்தால் முன்னால் ஒன்று காணாமல் போகும். யாராவது ரயில் விடுகிறார்களோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

கஃபே முதலாளி இக்கா ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"இதெந்தாடா, வேஸ்ட் கொண்டிட்ட போலெ? கிளீன் ஆக்கடா!" (குப்பை கொட்டிய மாதிரி இருக்கிறதாம்.)

ஆக்கினேன்! குழியை மூடினேன், கற்களை எல்லாம் எடுத்தேன், புல் தரையாக்கினேன். அதோடு பாதுகாப்பையும் போட்டேன். இனி ஸ்பானைச் சுற்றி என்னைத் தவிர யாரும் எதையும் எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. வைத்தால் உடனே மறைந்துவிடும்.

அப்புறம் வாரம் முழுக்க வேடிக்கைதான்.

ஒருவன் வருவான், ஒரு கல் வைப்பான். மறையும். திரும்பவும் வைப்பான். திரும்பவும் மறையும். "கல்லு வெக்கான் பற்றுந்நில்லல்லோ!" என்று, கல் வைக்க முடியாத கடுப்பில் சாட்டில் கத்துவான்.

"அதுக்குத்தானே பாதுகாப்பு" என்று நானும் மிதப்பாகப் பதில் போடுவேன். ஸ்பானை நாசமாக்க இத்தனை பேரா என்று ஆச்சரியமாக இருந்தது.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

பெயர் செல்வி. (மாற்றியிருக்கிறேன்.) பள்ளுருத்தியில் வீடு, எங்கள் ஊர் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை. எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். ஞாயிறு மட்டும்தான் லீவு என்பதால் அன்றைக்கு மட்டும்தான் விளையாட வருவாள்.

"எந்தக் கல்லும்மா?"

"நீலக் கல்லு. போன ஞாயித்துக்கிழமை முன்னாடி வந்துட்டது. இன்னிக்கு ஆத்தோர ஸ்தலம் எனக்கில்லே கிட்டணும்?"

ஆற்றோர மனை என்றால் என் சர்வரில் எல்லோருக்கும் உயிர். ஞாயிறுதோறும் ஒருவருக்கு மட்டும் அளந்து, வேலி போட்டுக் கொடுப்பேன். இந்த வாரம் யாருக்கு என்று அவர்களே ஒரு பெயரைச் சொல்வார்கள். எப்படி முடிவு செய்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை!

"கல்லுக்கும் மனைக்கும் என்ன சம்பந்தம்?"

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சேட்டா வீட்டுல பைப்புத் தண்ணி ஆரு பிடிக்கும்?"

"அக்கா."

"அதான்! நாங்க கொடத்தை லைன்ல வெச்சிட்டு வேற வேலைக்குப் போவோம். ஆளு இல்லேன்னாலும் கொடம் நிக்கும். அதை ஆரும் தொடமாட்டாங்க. இங்க கொடம் இல்லே, அதுகொண்டு கல்லு வெச்சோம்."

குப்பை என்று நினைத்து ஒரு தெருவே நின்ற வரிசையைக் கலைத்திருக்கிறேன்!

"வாரத்துல ஒருநாள் வர்றவளுக்கு அந்தக் கல்லுதானே சேட்டா ஆளு? எத்தனை ஞாயிறு காத்திருந்தேன்னு அறியுமா?" என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு ரொம்ப வெட்கமாகப் போயிற்று.

இனி யார் முதல் என்று எதை வைத்துச் சொல்வது? வேறு வழியில்லாமல் சாட்டில் கேட்டேன்: "இந்நு ஆரா ஃபர்ஸ்ட்?"

ஆளாளுக்குத் தன் பெயரைப் போடுவார்கள் என்று பயந்தேன்.

நீலம். நீலம். நீலம். தோப்பும்படியில் ஏதோ ஒரு கஃபேயில் உட்கார்ந்து விளையாடுகிறவன்கூட, அவளை ஒருநாளும் நேரில் பார்த்திராதவன், நீலம் என்றே எழுதினான்.

"அப்போ செகண்ட் ஆரா?" என்று கேட்டேன். (ரகளை அங்கேதான் தொடங்கியது!)

ஆற்றோர மனையைச் செல்விக்கு அளந்து கொடுத்தேன். ஸ்பான் பாதுகாப்பையும் கொஞ்சம் சுருக்கி, ஓரமாகக் கல் வைக்க இடம் விட்டேன்.

சாயங்காலம்வரை கட்டினாள். சின்ன வீடுதான், ஆனால் ஜன்னல் எல்லாம் ஆற்றைப் பார்த்து. கட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது கேட்டாள்: "சேட்டா, ஸ்பானுக்குப் போட்ட பாதுகாப்பை என்ட வீட்டுக்கும் போட்டுத் தருமா? இனி அடுத்த ஞாயிறு இல்லே வர முடியும். அதுவரைக்கும் ஆராவது பொளிச்சு இடிச்சுப் போட்டா?"

முடியாதே! இந்த சாஃப்ட்வேரில் ஸ்பானுக்கு மட்டும்தான் காவல் போட முடியும்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதை டைப் செய்கிற இந்த நிமிஷம், கேமில் என் ஆள் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறான். (அட்மின் வேலை போய் வாட்ச்மேன் வேலை!) ஆற்றங்கரையில் இரண்டு பேர் வேறு சும்மா உலாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வர் ஓட்டும் நண்பர்களே, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் பாதுகாப்பு போட ஏதாவது வழி இருக்கிறதா?

சீக்கிரம் சொல்லுங்கள், எனக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டும்!