சனிக்கிழமை மாத்திரை

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே நான் ஓர் அட்டை எழுதினேன். காலை எட்டு மணிக்கு மாத்திரை, எட்டேகாலுக்கு இட்லியோ கேழ்வரகுக் கூழோ, மாலையில் நடை, படுக்கும் முன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்: மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான்; நைனாவின் கால் புண்ணைச் சாதாரணமாக நினைத்துவிட்டதால்தான் அவரை இழந்தோம். அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்னும் எத்தனையோ வருடம் அவள் தன் காலில் நடக்க வேண்டும், கண் தெளிவாகத் தெரிய வேண்டும், பயமில்லாமல் தூங்க வேண்டும். இதை எல்லாம் ஓர் அட்டைக்குள் எழுதிவிடலாம் என்று நம்பினேன்.

அம்மா சிங்கவரத்தில் தனியாக இருக்கிறாள். நான் செஞ்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில். அட்டையை அவள் அரிசி டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாக்கா, பரிட்சைக்குப் படிக்கிறியா?”

“எம் பொண்ணு போட்ட டைம்டேபிளுடி. மார்க் கொறஞ்சா ஒதைப்பா.”

வாரத்தில் ஆறு நாள் அம்மா அட்டைப்படிதான் நடந்தாள். சனிக்கிழமை மட்டும் எனக்குப் பிடிக்காத நாள்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அப்போது வராந்தாவில் உட்கார்ந்தபடி அம்மா சிங்கவரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால், அதற்கு ஏழு வயது முடியும்வரை சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருப்பேன் என்று. மலைப்படி ஏறிச் சேவித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் அன்றைய ஒரே சாப்பாடு. மகளுக்கு இப்போது ஐந்து வயது.

போன புரட்டாசியின் முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோயில் படியருகே கடை போட்டிருக்கும் பூக்காரம்மா, அம்மாவின் போனிலிருந்து என்னை அழைத்தார். “ஒங்கம்மா மயக்கமா சாஞ்சிட்டாங்க. இப்ப உக்காந்துட்டாங்க. பதறாம வா.”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். மேலேவரை நீண்ட கூட்டம். அம்மா ஓரமாகப் பாறையில் சாய்ந்திருந்தாள். ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. கையில் பாதி குடித்த மாம்பழ ஜூஸ். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்:

“ஜூஸக் குடிக்க வெச்சிட்டாங்கடி. ஒருபொழுது கெட்டுப்போச்சா?”

“பேச்சப் பாரு!” என்றார் பூக்காரம்மா. “இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா நேரா பெருமாளாண்டயே போயிக் கேட்டிருப்ப.”

செஞ்சியில் டாக்டர் சர்க்கரையைப் பார்த்தார். ஜூஸ் குடித்த பிறகும் குறைவாகத்தான் இருந்தது.

“காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டீங்களா?”

“ஒரு நாளும் வுட்டதில்லைங்க,” என்றாள் அம்மா, பெருமையாக. “எம் பொண்ணு எழுதிக் குடுத்திருக்குது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். விடக் கூடாது என்று எழுதியவள், சாப்பிடாமல் போடக் கூடாது என்று எழுதவில்லை. எட்டேகாலுக்குச் சாப்பாடு என்று இருந்தாலே போதும் என்று நினைத்துவிட்டேன். சனிக்கிழமையை நான் நினைக்கவே இல்லையா, நினைக்க விரும்பவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“போன வாரமும் கை நடுங்கிச்சு,” என்றாள் அம்மா. “வயசாவுதுன்னு நெனச்சிக்கினேன்.”

இனி ஒருபொழுதே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மாவை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். சாப்பிட வைத்தேன். பிறகு, மகளை மடியில் போட்டுக்கொண்டு, நிறுத்திவிடும்மா என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

“நீ படிச்சவ. இந்த வாரத்தோட வுட்டுடுன்னு சொல்லு, வுட்டுடறேன். ஆனா நீ வாயத் தொறந்து சொல்லணும்.”

அந்த நேரம் பார்த்து மகள் இருமினாள். வெறும் சளிதான், மூன்று நாளாக இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

“அப்ப நான் இருக்கறேம்மா, ஒனக்கு பதிலா.”

“வேண்டிக்கினது நானு. நீ எப்படி இருப்ப?” அவள் குரலில் கோபமில்லை. “இதாண்டி எனக்கு நிம்மதி. மலையேறி எறங்கினா அந்த வாரம் முழுக்க நல்லா தூக்கம் வருது.”

அவள் உடம்புக்காக நான் எழுதிய அட்டையில் நிம்மதிக்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் நான் மட்டும் டாக்டரிடம் போனேன். வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று கடிந்துகொண்டார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கேட்கவே மாட்டார்களென்றால் அன்றைக்குச் சாப்பிடும்போது மட்டும் மாத்திரை, தனியாகப் போகக் கூடாது, பையில் சர்க்கரை இருக்கட்டும், நடுங்கினால் உடனே வாயில் போட வேண்டும் என்றார். புது அட்டை எழுதினேன். சனிக்கிழமைக்குத் தனி வரி. அவள் பட்டினி கிடப்பதற்கு என் கையெழுத்திலேயே சம்மதம் கொடுக்கிறேன். எழுதி முடித்து, சிங்கவரம் திரும்பும்போது அம்மாவிடம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கூடவே போவதாக இருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வருகிறாள், நீ பிள்ளையைப் பார் என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள். பத்து மணிக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கூட்டத்தில் கேட்டிருக்காது. இடுப்பில் செருகிய பைக்குள் இருக்கும். மறுபடி அடித்தேன்.

காய்ச்சல் விட்டுப் பசியோடு எழுந்த மகள் அடுப்படியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே பாட்டியைப் பற்றிக் கேட்டாள்.

“ஆயா சாப்ட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஏன்?”

போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் தட்டில் இன்னோர் இட்லி வைத்தேன்.