கன்னியம்மாவும் திமிரியில் நின்றுபோன அம்பாசடரும்

என் தங்கை கன்னியம்மா எதையெல்லாம் வென்றாள் என்று யாராவது கேட்டால் நான் வரிசையாகச் சொல்வேன். சேத்பட் ரோட்டு டீக்கடையில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கண்ணாடி டம்ளர். வேலூர் டாக்ஸிக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டு, சாவியையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகும் நம்பிக்கை. ஆரம்பத்தில் நான்கு ஸ்பானர், இப்போது முப்பத்தெட்டு; எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். "பொம்பள கை பட்டா இன்ஜினுக்கு சீக்கு புடிக்கும்" என்று டீக்கடையில் உரக்கச் சொன்ன அதே ஆள், தன் மருமகனின் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வேர்த்து நின்ற ஒரு வெள்ளிக்கிழமை. அதையும் வெற்றியில்தான் சேர்க்க வேண்டும். அன்று அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

எங்கள் சொந்த ஊர் வெம்பாக்கத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு நிலம் கிடையாது. கூலிக்குப் போய் வருவதில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்றார். அந்த ஒரு பிள்ளை நான். எட்டாவது வரை படித்தேன். என்னைவிட நான்கு வயது இளையவளான கன்னியம்மா அடுத்தவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். நான் படித்தது அவளுடைய பங்கிலிருந்தும் எடுத்துத்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

1969-இல் எனக்கு ஆரணியில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் பியூன் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் கன்னியம்மாவை தருமனுக்குக் கட்டிக் கொடுத்தோம். தருமன் ஆரணியிலேயே ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். நல்ல மனிதர். ஒரு சம்பளம் போதாது என்றுதான் 1971-இல் கன்னியம்மா பரசுராமன் மேஸ்திரியின் கார் ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். கழற்றிப் போடும் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே கோணிமேல் அடுக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

கழுவுகிறவளுக்குத்தான் அழுக்கு தெரியும். மேஸ்திரி மேலே இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்பது கன்னியம்மாவின் விரலுக்குத்தான் தெரியும். கண்மை மாதிரி கறுப்பாக வழுவழுப்பாக இருந்தால் அது சாதாரணக் கரி, பயமில்லை. வெயிலில் பிடித்தால் ஜரிகைத் தூள் மாதிரி மின்னினால் உள்ளே பேரிங் தேய்கிறது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோலைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். சில்லென்று இழுத்துக் காய்ந்துவிட்டால் சுத்தம். பிசுக்கென்று நின்றால் எவனோ மண்ணெண்ணெய் கலந்திருக்கிறான். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐந்து வருடம் தினமும் கை நனைந்ததில் வந்தது.

1976-இல் செய்யாறிலிருந்து சின்னப்பையன் என்ற டாக்ஸி டிரைவர் தன் பழைய பியட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். வாயில் பீடி, முகமெல்லாம் சந்தோஷம்.

"மேஸ்திரி, ஊர்ல எல்லார் வண்டியும் ஆயில் குடிக்குது. என் வண்டி ஆயில் சுரக்குது! பத்து நாளா ஒரு சொட்டு ஊத்தல. அளவு ஏறிகினே வருது."

"இன்னாய்யா, காரு வச்சிருக்கியா, கறவ மாடு வச்சிருக்கியா?" என்றார் மேஸ்திரி.

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மா ஈரக் கையோடு எழுந்து போய், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே பிடித்தாள். உடனே நான்கு அடி பின்வாங்கினாள்.

"ண்ணா, மொதல்ல பீடிய தூரப் போடு."

"ஏம்மா, நாத்தம் புடிக்கலியா?"

"உன் இன்ஜினுக்குள்ள பெட்ரோல் நிக்குது."

பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் துணி ரப்பர் கிழிந்திருந்தது. அதன் வழியாக பெட்ரோல் சொட்டுச் சொட்டாக எண்ணெய்த் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியது எண்ணெய் அல்ல. எண்ணெய் ரசம் மாதிரி நீர்த்துப் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பேரிங் மொத்தமும் போயிருக்கும். ரப்பரை மாற்றி, எண்ணெய் முழுவதையும் கொட்டிப் புதிதாக ஊற்றி அனுப்பினார்கள். வெளியே அது பரசுராமன் மேஸ்திரி கண்டுபிடித்ததாகத்தான் பேச்சு. ஆனால் சின்னப்பையன் மட்டும் அன்று முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், "எங்கம்மா அந்த மூக்குக்கார அம்மா?" என்றுதான் கேட்பார். மேஸ்திரிக்கும் மனசாட்சி இருந்தது. மெல்ல மெல்ல ஸ்பானரை அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

1979 ஆனி மாதம் மேஸ்திரிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஒர்க்ஷாப்பை விட்டுவிட்டு மகனோடு இருக்கச் சென்னைக்குப் போனார். போகும்போது நான்கு ஸ்பானரை அவளுக்குக் கொடுத்தார். ஒர்க்ஷாப் இருந்த கொட்டகையைக் கொடுக்க அவரால் முடியாது. இடம் பட்டு வியாபாரி பன்னீர்செல்வம் முதலாளியுடையது. முதலாளி அதைப் பூட்டி நூல் கிடங்காக்க நினைத்திருந்தார். கன்னியம்மா நேரில் போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"உன்ன நம்பி எவன்மா வண்டி விடுவான்? மூணு மாசத்துல நீயே காலி பண்ணிடுவ. ஆவணி முடியறதுக்குள்ள சாமானெல்லாம் எடுத்துடு" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை.

அந்த இடம் போனால் அவள் திரும்பக் கழுவும் வேலைக்குத்தான் போக வேண்டும். வேறு எந்த மேஸ்திரியும் அவள் கையில் ஸ்பானர் கொடுக்க மாட்டார். அன்று இரண்டு வேளை அவள் சாப்பிடவில்லை என்று தருமன் வந்து என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில் முதலாளியின் அம்பாசடர் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. ஆற்காடு ரோட்டில் நன்றாகப் போகும். திமிரி வருவதற்குள் இருமி, குலுங்கி, நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துத் தானாக எடுத்துக்கொள்ளும். மூன்று மேஸ்திரிகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பம்ப்பை மாற்றினார். ஒருவர் கார்புரேட்டரைக் கழுவினார். ஒருவர் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று சொல்லி, பம்ப்மேல் ஈரக்கோணி போடச் சொன்னார். டிரைவர் பழனி ஒரு குடம் தண்ணீரும் கோணியுமாகத்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆவணி மூன்றாவது வாரம் அவரே கன்னியம்மாவிடம் வந்தார்.

"பேஜாரா கீதும்மா. முதலாளி என்னைத் திட்டறாரு, நான் வண்டியத் திட்டறேன்."

அவள் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"மெதுவா போனா நிக்குதா?"

"மெதுவா போனா ஆற்காடு வரைக்கும் போவும். ஆனா முதலாளி ஜல்தி ஜல்திம்பாரே!"

"நின்னப்புறம் எவ்ளோ நேரம் கழிச்சி சாவி போடற?"

"கோணி போட்டு, ஒரு டீ குடிச்சிட்டு."

"அடுத்த தபா கோணியும் வேணாம், டீயும் வேணாம். ரெண்டு நிமிஷத்துல சாவி போடு. போடறதுக்கு முன்னாடி பம்ப்ப தொட்டுப் பாரு."

மறுநாள் பழனி கொப்புளம் வந்த விரலோடு வந்தார். "தொட முடியாத சூடும்மா. ஆனா எடுத்துக்கிச்சி!"

"அப்ப சூட்டால வர்ற நோவு இல்ல" என்றாள். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தாள்.

பெட்ரோல் டாங்கிலிருந்து வரும் குழாயைப் பம்ப் பக்கத்தில் கழற்றி, அதில் வாய் வைத்து ஊதினாள். முதலில் அடைத்தது. இன்னும் அழுத்தி ஊதினதும் பின்னால் டாங்குக்குள் குபுக்கென்று சத்தம் கேட்டது. டாங்கிலிருந்த பெட்ரோலை இறக்கிவிட்டு, மேலே இருக்கும், பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கருவியைக் கழற்றி, சைக்கிள் கம்பி ஒன்றைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டாள். நான்காவது தடவையில் ஒரு கைப்பிடி அளவு ஏதோ வந்தது. பட்டு நூல் கழிவு.

வேறு எந்த ஊரிலும் இது நடந்திருக்காது. அந்த வருடம் பெட்ரோல் தட்டுப்பாடு. முதலாளி கிடைக்கும்போது வாங்கி வீட்டில் டின்களில் வைத்திருந்தார். திருட்டுக்குப் பயந்து அவரே தன் கையால் ஊற்றுவார். தூசி போகக் கூடாதென்று புனலுக்குள் ஒரு பிடி பட்டுக் கழிவை அடைத்து வடிகட்டுவார். "துணியில நூல் பிரியும், பட்டுல பிரியாது. நம்ம ஊரு பில்டருக்கு ஈடு கிடையாது" என்று கடையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். ஒரு தடவை அந்தப் பிடி புனலிலிருந்து நழுவி டாங்குக்குள் போயிருக்கிறது. வேகமாக ஓட்டினால் இன்ஜின் நிறைய உறிஞ்சும். அந்த இழுப்பில் பட்டு வந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு போய், பட்டும் விலகிக்கொள்ளும். மூன்று மேஸ்திரிகளும் வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழனிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, உனக்குப் புண்ணியமா போவும். பம்ப்ல தூசின்னு சொல்லிடு. அவரு கையாலதான் ஆச்சின்னு சொன்னா உன் கொட்டாயும் போவும், என் வேலையும் போவும்."

நானும் அங்கேதான் இருந்தேன். நானும் அதையேதான் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை. முதலாளி மனம் குளிர்ந்தால் இடம் கிடைக்கும். அவரைக் குற்றம் சொன்னால் கிடைக்காது. எட்டாவது படித்தவனின் கணக்கு அப்படித்தான் ஓடியது.

"சொல்லலன்னா நாளைக்கும் பட்டு வச்சிதான் ஊத்துவாரு, ண்ணா. திரும்ப நிக்கும். நோவ மறைச்சிட்டு வண்டி விட முடியாது" என்றாள்.

முதலாளி வந்தார். கன்னியம்மா ஒரு தட்டில் அந்தப் பட்டை வைத்து நீட்டினாள்.

"டாங்குல இருந்துச்சி முதலாளி."

"யாரு போட்டது?"

பழனி தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்கதான் முதலாளி. புனல்ல வச்சது நழுவிடுச்சி."

முதலாளி பட்டில் ஓர் இழையைப் பிரித்து விரலில் உருட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் பட்டு தொட்ட கை.

"ஊடைப் பட்டுக் கழிவு. நான் எடுத்ததுதான்" என்றார் கடைசியில். "அந்த மூணு பேரும் ஏன் சொல்லல?"

"அவங்க முன்னாடி திறந்தாங்க. நான் பின்னாடி திறந்தேன். இன்னும் ஒண்ணு இருக்குது முதலாளி. இன்ஜின் ஆயில மாத்தணும்."

"அதுலயும் நான் இன்னாத்தயாவது போட்டுட்டனா?"

"இல்ல. அது பழனி ண்ணன்."

"நானா?" என்று பழனி அலறினார்.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் பழனி, பெட்ரோலை அதிகமாக்கும் சோக்கை இழுத்து இழுத்து வண்டியை எடுத்திருக்கிறார். எரியாத பெட்ரோல் சிலிண்டர் ஓரமாக வழிந்து எண்ணெயில் கலந்திருந்தது. கன்னியம்மா அளவுக் கம்பியை உருவி நீட்டினாள். முதலாளி மோந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் வண்டிய கெடுத்திருக்கோம்டா, பழனி!"

ஆனால் கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் மூன்று தடவை ஆற்காட்டுக்கும் ஒரு தடவை வேலூருக்கும் வேகமாகப் போய் வந்தார்கள் என்று பழனி வந்து சொன்னார். வண்டி எங்கும் நிற்கவில்லை. குடத்தை வீட்டில் கொடுத்துவிட்டாராம். கன்னியம்மா கேட்டுக்கொண்டாள். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஆவணி முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

அன்று காலை முதலாளியின் கடையிலிருந்து ஆள் வந்தது. கன்னியம்மாவும் தருமனும் நானும் போனோம். கணக்குப்பிள்ளை முத்திரைத்தாளைப் படித்தார். கொட்டகையும் அதன் முன்னால் உள்ள காலி இடமும் ஐந்து வருடத்துக்கு, தருமன் மனைவி கன்னியம்மா பெயரில்.

"தருமன் பேர்ல போட்டுடலாம்னு சொன்னேன்" என்றார் கணக்குப்பிள்ளை.

"மூக்கு அந்தம்மாவோடதுய்யா" என்றார் முதலாளி.

கணக்குப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "கட்டை விரல வைம்மா. உனக்கு மை கூடத் தேவையில்ல போல கீதே."

கன்னியம்மா தன் விரலைப் பார்த்தாள். எண்ணெய்க் கறுப்பு நகக்கண்ணில் அப்படியே இருந்தது. "பேனா குடுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்காக நான் சிலேட்டும் பலப்பமுமாக அவள் வீட்டுக்கு நடந்திருக்கிறேன். "நீ போ ண்ணா, எனக்கு வேலை கீது" என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தருமன்தான் என் காதில் சொன்னார். ரேஷன் கார்டில் நான் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்து, கழிவு எண்ணெயில் விரலைத் தொட்டு, கொட்டகைத் தகரத்தில் ஒன்றரை மாதமாக எழுதி எழுதித் துடைக்கிறாளாம். இடம் கிடைக்குமா என்று தெரியாத நாட்களில்.

அவள் அவசரப்படவில்லை. பேனாவை ஸ்பானர் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறு எழுத்தையும் முதலில் எழுதி முடித்தாள். பிறகு திரும்பி வந்து, மேலே வைக்க வேண்டிய இரண்டு புள்ளிகளையும் வைத்தாள். வைத்த பிறகு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழை இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பார்த்தேன். இல்லை.

கன்னியம்மா தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 1979 செப்டம்பர் 12, புதன்கிழமை.