தன் கடைக்கு எதிராகத் தூக்கிய கை

சந்தையில் அவளை மீன்கார அக்கா என்று யாரும் கூப்பிட்டதில்லை. 'மறுபடி அக்கா' என்றால்தான் தெரியும். வியாபாரிகள் சங்கம் எதை முடிவு செய்தாலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "மறுபடியும் ஒரு தடவை பேசிடலாமே" என்பாள். கதவு பூட்டும் நேரம், குப்பை அள்ளும் முறை, விளக்குக் கம்பம் என்று அவள் கிளறாத முடிவு இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சங்கம், அவளுக்கென்றே ஒரு விதி போட்டது. முடிவான விஷயத்தை மறுபடி எடுக்கவேண்டுமானால், அந்த முடிவுக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அடுத்த கூட்டம் வரை முடிவு நிறுத்தி வைக்கப்படும். தோற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

விதி நிறைவேறியபோது எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். முகம் வாடவில்லை. "நல்ல விதிதான்" என்று அவளும் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கடை முன்வாசலில் இருந்தது. சந்தைக்கு இருந்த ஒரே குழாயும் சாக்கடையும் அதன் பக்கத்தில்தான். கொழுந்தன் விடியற்காலையில் மீன் எடுத்து வருவான்; அவள் கழுவி, வெட்டி, விற்பாள். இரண்டு வீட்டு அடுப்பும் அந்தப் பலகையை நம்பித்தான் எரிந்தன.

ஒரு வெயில் நாளில் ஐஸ் பெட்டி விரிசல் விட்டது. மீன் தண்ணீர் பக்கத்துத் துணிக்கடைக்குள் ஓடி, வெள்ளைத் துணிக் கட்டு ஒன்றை மொத்தமாக நனைத்துவிட்டது. துணிக்கடைக்காரர்தான் சங்கத் தலைவர். அன்று மாலையே கூட்டம். அடுத்த மாதத்திலிருந்து மீன்கடை பின்வாசலுக்குப் போகவேண்டும் என்று தீர்மானம் வந்தது.

"பின்னாடி தண்ணியே இல்லையே" என்றாள்.

"தண்ணி இல்லைன்னா இன்னும் நல்லது, துணி நனையாது" என்றார் சாவி செய்பவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவள் மேற்கொண்டு பேசவில்லை. மீனை ஆறப்போட்டால் கெட்டுப்போகும்; கோபத்தை ஆறப்போட்டால்தான் பேச்சுக்கு ஆகும். அங்கே ஒருத்தர் முகமும் ஆறியிருக்கவில்லை. "ஆதரவாக இருப்பவர்கள்?" என்று தலைவர் கேட்டபோது மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கை தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. தலைவர் ஒரு கணம் தடுமாறி, பிறகு அந்தக் கையையும் எண்ணினார்.

திரும்பும் வழியெல்லாம் கொழுந்தன் பொரிந்து தள்ளினான். "அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா? நம்ம அடுப்புல நீங்களே தண்ணி ஊத்திட்டீங்களே!"

"கத்தாத தம்பி. நாளைக்கே பலகையைப் பின்னாடி போடுவோம்."

"அடுத்த மாசம்தானே சொன்னாங்க?"

"ஒருநாள் இருந்து பார்த்தாத்தானே நல்லதா கெட்டதான்னு தெரியும்? நல்லதா இருந்தா அங்கேயே இருந்துக்குவோம்."

மறுநாள் அவன் முன்வாசல் குழாயில் குடம் குடமாகப் பிடித்து நடு வழியாகப் பின்வாசலுக்குச் சுமந்தான். போகும்போது நல்ல தண்ணீர் சிந்தியது. அங்கே சாக்கடையும் இல்லாததால், மீன் கழுவிய தண்ணீரை வாளியில் திரும்பவும் முன்வாசலுக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. வரும்போது அதுவும் சிந்தியது. மதியத்துக்குள் ஒரு கடை பாக்கியில்லாமல் வாசல்தோறும் மீன் வாடை. சாவி செய்பவர் உட்காரும் பாய் ஓரமெல்லாம் ஊறிப்போயிற்று. தலைவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"வேணும்னே ஊத்தறீங்களா?"

"நீங்க ஒரு குடம் சிந்தாம கொண்டுவாங்க, நான் கடையையே காலி பண்ணிடறேன்" என்றாள்.

அவர் குடத்தைப் பார்த்தார். தொடவில்லை.

சாயங்காலம் துணிக்கடைக்குப் போனாள். "தலைவரே, நேத்து முடிவை மறுபடி எடுக்கணும்."

"ஆரம்பிச்சாச்சா! விதி தெரியும்ல? ஜெயிச்ச பக்கம் இருந்தவங்கதான் கேக்கலாம்."

"நான் ஜெயிச்ச பக்கம்தானே? என் கையை நீங்கதானே எண்ணினீங்க."

துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் பாதியில் நின்றது. "அடிப்பாவி!" என்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த கூட்டம் வரை முடிவு நிறுத்திவைக்கப்பட்டது; பலகையும் முன்வாசலுக்கே திரும்பியது.

ஒரு மாதம் கழித்து நடந்த அந்தக் கூட்டத்தில் அவள் சுருக்கமாகப் பேசினாள். "போகமாட்டேன்னு சொல்லல. முடிவை ரத்து பண்ணவும் வேண்டாம். பின்னாடி குழாயும் சாக்கடையும் வர்ற வரைக்கும் தள்ளி வைங்க. வந்த அன்னிக்கு யாரும் சொல்லாமலே போறேன்."

"தள்ளி வைங்கப்பா. என் பாய் இன்னும் நாறுது" என்றார் சாவி செய்பவர்.

கைகள் உயர்ந்தன. கடைசியாக, கொஞ்சம் தயங்கி, தலைவர் கையும்.

"குழாய் வேலையைப் பார்க்க ஒரு கமிட்டி போடணும்" என்றார் அவர். "நீங்களே இருங்க. இல்லைன்னா எப்படியும் மறுபடி கேப்பீங்க."

"இருக்கேன். என் கொழுந்தனையும் சேர்த்துக்குங்க. இந்த ஒரு மாசமா வீட்டுல என்னைத் திட்டறதைத் தவிர அவனுக்கு வேற வேலையே இல்லை."